சுருக்கொப்பம் இல்லாத கோடு

மார்ச் 3, திங்கள்

வகுப்பு தொடங்க இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. அதற்குள் இதை எழுதிவிடுகிறேன். நாற்பத்து நாலு வயதில், காலை ஆறு மணிக்குத் தலைவாரிக்கொண்டு கணினித் திரை முன்னால் மாணவியாக உட்காருவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன்.

மருத்துவமனையின் ஆவண அறையை வருடக் கடைசியில் மூடப் போகிறார்கள். நோயாளிகளின் பழைய கோப்புகளை எல்லாம் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிவிடுவார்களாம். அப்புறம் அறை எதற்கு, அறையைக் காக்கும் நான் எதற்கு? புதிதாக ஒரு கட்டடம் எழுப்பத் திட்ட அலுவலகம் திறக்கிறார்கள். அதில் ஒரு இடம் காலி. திட்ட மேலாண்மைச் சான்றிதழ் கையில் இருந்தால் அங்கே போகலாம். இல்லாவிட்டால் உபரி ஊழியர் பட்டியல். 

வீட்டுக்காரர் லாரியோடு வாரத்தில் நாலு நாள் வெளியூர். போனில், "படி படி. வேணும்னா நான் பிட்டு எழுதித் தரேன்" என்றார். மகள் என் நோட்டுக்கு அட்டை போட்டு லேபிள் ஒட்டிக் கொடுத்தாள். பிரிவு என்ற இடத்தில் 'கிழவி' என்று எழுதியிருக்கிறாள்.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டுப்பாடம்: ஒரு சின்ன வேலையை எடுத்து, எது முன், எது பின், எதற்கு எவ்வளவு நேரம் என்று பட்டை பட்டையாக வரைய வேண்டும். வீட்டைச் சுத்தம் செய்வதை எடுத்துக்கொண்டேன். மகள் வந்து பார்த்துவிட்டு, "எல்லாப் பட்டையிலும் உன் பேர்தான் இருக்கு. அப்பாவுக்கு ஒரு பட்டையும் இல்லையா?" என்று கேட்டாள். வரைந்து முடித்ததே ஞாயிறு மத்தியானம். வீடு அப்படியே கிடக்கிறது.

மார்ச் 17, திங்கள்

இன்று ஒரு மாதிரியாகிவிட்டது.

முன்பு செய்த ஒரு திட்டத்தை எடுத்து, அதில் சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரையும் அட்டவணையாகப் போடச் சொல்லியிருந்தார் வகுப்பு எடுக்கும் அம்மா. என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். ஆறு வருடத்துக்கு முன்னால் பழைய கட்டடத்தின் அடித்தளத்திலிருந்து இரண்டு லட்சம் கோப்புகளைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினோமே, அது. ஆறு வரி போட்டு நேற்றே அனுப்பிவிட்டேன். அந்த அம்மா அதைத் திரையில் எல்லோருக்கும் காட்டி, "நல்லாப் பண்ணியிருக்கீங்க. ஏழாவது வரி மட்டும் ஏன் காலியா விட்டிருக்கீங்க?" என்றார்.

நான் ஆறு வரிதான் போட்டேன். திரையில் ஏழு வரி இருந்தது. ஏழாவதில் வரிசை எண் மட்டும் இருந்தது. பெயர் இல்லை.

"தெரியாம விழுந்திருக்கும் மேடம்" என்றேன். "இல்ல, யோசிச்சுப் பாருங்க. யாரையோ விட்டிருப்பீங்க" என்று அவர் அடுத்தவருக்குப் போய்விட்டார்.

மார்ச் 26, புதன்

விண்ணப்பம் போட்டாயிற்று. பரீட்சை எழுதவே முதலில் தகுதி வேண்டும்: ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கி வேலை செய்த அனுபவம், குறைந்தது 1,500 மணி நேரம். கோப்பு மாற்றிய வேலையைக் காட்டினேன். மொத்தம் 1,660 மணி நேரம்.

அதைச் சரி என்று சொல்ல, மேலே இருந்த ஒருவரின் பெயரும் மின்னஞ்சலும் கேட்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு மேலே இருந்தவர் மறுபடி சார் ஒருவர்தான். எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் "மறுபடி பாத்தீங்களா?" என்பார். அதனால் அந்தப் பெயர். அந்த வேலை முடிந்து இரண்டாவது மாதமே போய்ச் சேர்ந்துவிட்டார், பாவம். அவருடைய பழைய அலுவலக முகவரியைப் போட்டேன். போன மடல் போன இடத்தில் கிடக்கும். ஆயிரம் விண்ணப்பத்தில் ஒன்றைத்தான் தோண்டுவார்கள் என்று வகுப்பில் பேசிக்கொண்டார்கள்.

அவரை நினைத்தால் ஸ்கேல்தான் ஞாபகம் வருகிறது. ஒரு அடி எஃகு ஸ்கேல். ஏட்டில் தப்பு இருந்தால் அழிக்க விடமாட்டார், வெள்ளை மை தடவ விடமாட்டார். ஸ்கேல் வைத்து ஒரே கோடு. அடியில் இருக்கும் தப்பு படிக்கத் தெரிய வேண்டும். மேலே சரியானது. பக்கத்தில், திருத்தியவரின் சுருக்கொப்பம், பெயரின் இரண்டே எழுத்து. அது இல்லாவிட்டால் ஏட்டைத் திருப்பி வீசுவார். "கோடு போட்டது யாரு? பேயா வந்து போட்டுச்சு?"

ஸ்கேல் இப்போது என் மேசையில்தான் இருக்கிறது. அவருடைய அறையைக் காலி செய்தபோது நான் எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 2, புதன்

ஆயிரத்தில் ஒன்று நான்தான். தணிக்கைக்கு எடுத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 3, வியாழன்

விண்ணப்பத்தின் நிலையை இணையதளத்தில் பார்க்கலாம். நேற்று சாயங்காலம், 'சரிபார்ப்பவருக்கு அனுப்பப்பட்டது'. இன்று மத்தியானம் சாப்பிட உட்காரும்போது பார்த்தேன்.

'சரிபார்ப்பவர் திறந்து படித்தார். காலை 9.05.'

ஒன்பதுக்கு வந்து, ஐந்து நிமிடம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, ஒன்பது ஐந்துக்கு முதல் தாளை எடுப்பார். மொத்த மருத்துவமனைக்கும் தெரிந்த விஷயம் அது. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

கணினிப் பிரிவு அக்காவிடம் கேட்டேன். சும்மா கேட்கிற மாதிரி. அவள் தட்டிப் பார்த்துவிட்டு, "அந்தப் பெட்டியே இல்லையே. அவர் தவறின மாசமே மூடிட்டோம். இப்ப மெயில் போட்டா அப்படியே திரும்பி வந்துரும்" என்றாள்.

"அதை யாராவது திறந்து படிக்க முடியுமா?"

"இல்லாத வீட்டுக் கதவ எப்படிடீ திறப்ப?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கே அது சிரிப்பு மாதிரி கேட்கவில்லை.

ஏதோ இயந்திரக் கோளாறு. அப்படித்தான் இருக்க வேண்டும். வேறு எப்படி இருக்க முடியும்?

ஏப்ரல் 7, திங்கள்

இந்த நோட்டைத் திருப்பிக்கொண்டிருந்தேன். மார்ச் 26-ம் பக்கம். '1,660' என்று எழுதியிருந்த இடத்தில் ஒரு கோடு. நேர்க்கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது. அடியில் இருக்கும் எண் நன்றாகப் படிக்கத் தெரிகிறது. மேலே சின்ன எழுத்தில், 1,180.

மகளை எழுப்பினேன். "என் நோட்டை எடுத்தியா?"

"உன் டைரிய எவ படிப்பா? அதுல என்ன, பட்டை பட்டையாத்தானே இருக்கும்?" திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் பொய் சொன்னால் மூக்கு விடைக்கும். விடைக்கவில்லை.

கோட்டுக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் இல்லை.

1,180. அந்த எண்ணை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆளே கிடையாது.

ஏப்ரல் 8, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். என் நோட்டுதானே. யாருக்கு ஒளிக்கிறேன்?

கோப்பு மாற்றிய அந்த வேலையில் காலை அணி என்னுடையது. கடைசி அறுபது நாள், மாலை அணி ஒன்றும் போட்டார்கள். அதற்குத் தலைமை ரெட்டை ஜடை. அப்போது என்னைப் போலவே ஒப்பந்த ஊழியர். நாற்பதை நெருங்கியும் இரண்டு பின்னல் போட்டுக்கொண்டு வருவாள், அதனால் அந்தப் பெயர். என் சிநேகிதி. நாங்கள் ஒரு டீயை இரண்டாகப் பிரித்துக் குடித்தவர்கள். அறுபது நாள், எட்டு எட்டு மணி நேரம். 480.

வேலை முடிந்ததும் ஒரு நிரந்தரப் பதவி வந்தது. முடிவறிக்கையில் யார் பெயர் அதிகம் இருக்கிறதோ அவருக்கு. தினப்படித் தாள்களைச் சுத்தமாகப் பிரதி எடுக்கும் வேலை என்னிடம் வந்தது. பிரதி எடுத்தேன். அறுபது தாளிலும் மாலை அணித் தலைவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். அசலைக் கிழித்துப் போட்டேன்.

மறுபடி சார் அப்போது படுக்கையில் இருந்தார். கையெழுத்துக்கு வீட்டுக்கே கொண்டுபோனேன். தாள்களைப் புரட்டக்கூட அவருக்குத் தெம்பு இல்லை. "மறுபடி பாத்தீங்களா?" என்று கேட்டார். "பாத்துட்டேன் சார்" என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ரெட்டை ஜடையின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் பிறகு அவளைத் தேடிப் போகவில்லை.

அவ்வளவுதான். எழுதியாயிற்று. மனசு லேசாகும் என்பார்கள். ஆகவில்லை.

ஏப்ரல் 9, புதன்

வீட்டுக்காரரிடம் கோட்டைப் பற்றி மட்டும் சொன்னேன். கணக்கைப் பற்றிச் சொல்லவில்லை. "தூக்கத்துல நீயே எழுந்து போட்டிருப்ப. படிப்பு ஏறாம மண்டை சூடாயிருச்சு" என்றார். இருக்கலாம். அதனால் ஸ்கேலை அலுவலகத்திலிருந்து எடுத்து வந்து, அவருடைய லாரியின் சாமான் பெட்டியில், ஸ்பானர்களுக்கு அடியில் வைத்துப் பூட்டச் சொன்னேன். நாளைக் காலையில் கிளம்புகிறார். முந்நூறு மைல்.

ஏப்ரல் 11, வெள்ளி

காலை பத்து மணிக்கு வீட்டுக்காரரிடமிருந்து போன். "டயர் மாத்தப் பெட்டியைத் திறந்தேன். உன் ஸ்கேலைக் காணோம். பூட்டினது பூட்டினபடி இருக்கு. நீ எடுத்துட்டியா?"

நான் அப்போது அலுவலகத்தில் என் மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பாடப்புத்தகம் திறந்து கிடந்தது. நான் மூடி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருந்தேன். நடுவில் ஸ்கேல். ஒரு வரிக்கு அடியில் அணைத்தாற்போல வைத்திருந்தது. 'உரியவர் அனைவரும் கையெழுத்திடும்வரை ஒரு திட்டம் முடிந்ததாகக் கொள்ளப்படாது.'

"ஆமா, நான்தான் எடுத்தேன்" என்று அவரிடம் சொன்னேன்.

இணையதளத்தில்: 'சரிபார்ப்பவர் திருத்தம் கோருகிறார். குறிப்பு: மறுபடி பார்க்கவும்.' நேரம் சொல்ல வேண்டியதில்லை.

ஏப்ரல் 12, சனி

வேலைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன். மகள் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், உப்பே இல்லாமல்.

ஏப்ரல் 16, புதன்

மறுபடி பார்த்தேன்.

முடிவறிக்கைக் கோப்பு இருப்பது என் பொறுப்பில்தான். பதினொன்றாம் அலமாரி, மேல் தட்டு. ஆறு வருடமாக அந்த அலமாரிக்கு ஏணி போட்டதில்லை. தூசியைப் பார்த்தால் வேறு யாரும் போட்டதாகவும் தெரியவில்லை. காலை பதினோரு மணி. ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது, நல்ல வெயில். வராந்தாவில் நோயாளிகள் டோக்கன் எண்ணுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் எழுதி வைக்கிறேன், நான் கனவு கண்டேன் என்று பிறகு எனக்கே தோன்றிவிடக் கூடாது என்பதற்காக.

கோப்பைக் கீழே கொண்டுவந்து பிரித்தேன்.

முதல் தாள். மாலை அணித் தலைவர் என்ற இடத்தில் என் பெயர். அதன் மேல் ஒரு கோடு. மேலே அவள் பெயர். சின்ன எழுத்து, கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்தது. அந்த எழுத்தை எனக்குத் தெரியாதா? பதினாலு வருடம் அதன் கீழே வேலை பார்த்தவள் நான்.

இரண்டாவது தாள். மூன்றாவது. நான் உட்கார்ந்து எண்ணினேன். அறுபது. ஒன்றுகூட விடுபடவில்லை. ஒவ்வொன்றிலும் கோடு, ஒவ்வொன்றிலும் அவள் பெயர். ஒன்றிலும் சுருக்கொப்பம் இல்லை.

முதல் தாள்களில் மை பழையது, பழுப்பேறி இருந்தது. போகப் போக நிறம் அடர்ந்தது. அறுபதாவது தாளைப் புரட்டியபோது என் கட்டைவிரல் அதில் பட்டது. விரலை எடுத்துப் பார்த்தேன். நீல மை.

ஈரம்.

ஏப்ரல் 17, வியாழன்

கை கழுவிட்டேன். சோப்புப் போட்டு, எலுமிச்சம்பழம் போட்டு, எல்லாம் போட்டு. போகல. மக கேக்கறா, "ஓட்டுப் போட்டியா?"ன்னு.

என்னதான் வேணும் சார் உங்களுக்கு? அன்னிக்கே கேட்டிருக்கலாமே. என் மூஞ்சியப் பாத்தீங்களே. தெரிஞ்சுதானே பாத்தீங்க. தெரிஞ்சுதானே கையெழுத்துப் போட்டீங்க? உங்க கோட்டுக்கு மட்டும் இனிஷியல் வேணாமா? யாரு போட்டதுன்னு எழுத மாட்டீங்களா?

—

மேலே எழுதியதை இப்போது ஒரு தடவை படித்தேன். கேள்வியிலேயே பதில் இருக்கிறது. அவர் ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். தப்பு யாருடையதோ, திருத்தமும் அவருடையதாக இருக்க வேண்டும் என்பது சாருடைய சட்டம். அவர் கோடு போடலாம். சுருக்கொப்பம் நான்தான் போட வேண்டும்.

போட்டால் என்ன ஆகும்? 1,180-ஐ வைத்துக்கொண்டு பரீட்சை எழுத முடியாது. திட்ட அலுவலகம் கிடைக்காது. இதை நிர்வாகம் கேள்விப்பட்டால் இருக்கிற வேலைக்கும் உலை. மகளுக்கு அடுத்த வருடம் கல்லூரி.

ஏப்ரல் 19, சனி

ரெட்டை ஜடையைப் பார்த்துவிட்டு வந்தேன். பார்சல் அலுவலகத்தில் பொட்டலம் பிரிக்கிறாள். இன்னமும் இரண்டு பின்னல்தான். இரண்டும் நரைத்திருக்கின்றன. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"என்ன, வழி தெரிஞ்சுதா?" என்றாள்.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அறுபது தாளையும் சொன்னேன். சொல்லும்போது அவள் முகவரிகளைப் படித்துப் படித்துப் பெட்டிகளை அந்தந்தக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்" என்றாள். "அன்னிக்கே தெரியும். ஆபீஸ் எடுபிடி அண்ணன் அறிக்கையைப் பாத்துட்டு வந்து சொன்னாரு."

"அப்ப ஏன் என்னைக் கேக்கல?"

"கேட்டு? ஒப்பந்தம் முடிஞ்சவ பேச்சு எந்த அம்பலத்துல ஏறும்? அதுவும் உன்கிட்ட கேக்கணுமா? நீயா வந்து சொல்லுவேன்னு நெனச்சேன். ஒரு மாசம் நெனச்சேன். அப்புறம் நெனக்கறத விட்டுட்டேன்." இப்போதுதான் பெட்டியைக் கீழே வைத்தாள். "அறுபது நாளு. எம் பையனுக்கு அம்மை போட்டிருந்தப்பகூட வந்தேன். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. என்னைத் தேற்றவும் இல்லை. அதுதான் நியாயம்.

கிளம்பும்போது கேட்டாள்: "ஆமா, போன மாசம் எதுக்கு அந்த மெயில் போட்ட?"

"எந்த மெயில்?"

போனை எடுத்துக் காட்டினாள். அனுப்பியவர் பெயர் இருக்கும் இடம் காலியாக இருந்தது. மார்ச் 27, காலை 9.05. நான் விண்ணப்பம் போட்டதற்கு மறுநாள். 'மாலை அணி. 60 நாள், 480 மணி நேரம். சரியா? மறுபடி பார்த்துச் சொல்லவும்.'

"நீதான் அவரு மாதிரி எழுதி வெளையாடறேன்னு நெனச்சேன். செம கோவம்."

"பதில் போட்டியா?"

"'சரி'ன்னு போட்டேன். சரிதானே?"

ஏப்ரல் 22, செவ்வாய்

காலை வகுப்புக்குப் போகவில்லை. அலுவலகத்துக்கு எட்டு மணிக்கே போய் அறுபது தாளையும் மேசையில் அடுக்கினேன். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் என் இரண்டு எழுத்தைப் போட்டேன். இருபதாவது தாள் வரை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திப் போட்டேன். அப்புறம் பழகிவிட்டது. முடித்தபோது மணி ஒன்பது ஐந்து. நான் வேண்டுமென்று கணக்குப் பார்த்து முடிக்கவில்லை.

பிறகு நிர்வாக அதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். ஒரு பக்கம். கோப்பையும் இணைத்துக் கொடுத்தேன். சான்றிதழ்காரர்களுக்கும் விண்ணப்பத்தைத் திருத்தி அனுப்பினேன்: 1,180. கடைசியாக இந்த நோட்டை எடுத்து, மார்ச் 26-ம் பக்கத்துக் கோட்டுக்குப் பக்கத்திலும் சுருக்கொப்பம் போட்டேன்.

வீட்டுக்காரரிடம் போனில் சொல்லிவிட்டேன். "அந்தப் பதவி வந்த அன்னிக்கு ஊரைக் கூட்டி இனிப்புக் குடுத்தோமே" என்றார். போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கட்டைவிரல் மை போய்விட்டது. எப்போது போனது என்று பார்க்கவில்லை.

ஏப்ரல் 23, புதன்

விண்ணப்பம் நிராகரிப்பு. 320 மணி நேரம் குறைவு. எப்போது வேண்டுமானாலும் மறுபடி விண்ணப்பிக்கலாமாம்.

மே 6, செவ்வாய்

விசாரணை முடிந்தது. மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்கள். வேலை போகவில்லை. பதவியில் ஒரு படி கீழே இறக்கிவிட்டார்கள், திட்ட அலுவலகப் பேச்சே எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டு அறையில் நான் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிகள் காலியாகின்றன. தகும்.

ஒருவர் தாள்களை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "இந்தத் திருத்தமெல்லாம் நீங்க போட்டதா?" என்று கேட்டார். "சுருக்கொப்பம் என்னுடையதுதான் சார்" என்றேன். பொய் இல்லையே.

மே 30, வெள்ளி

ரெட்டை ஜடைக்கு 480 மணி நேரத்துக்கு அனுபவக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். அதோடு ஸ்கேன் செய்யும் வேலைக்கு மேற்பார்வையாளராகவும் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னை விட்டால் அலமாரி வரிசை தெரிந்தவர் வேறு யார் இருக்கிறார்கள்? கணினிப் பிரிவு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. அதையும் எழுதித்தானே ஆக வேண்டும்.

ஜூலை 14, திங்கள்

ஸ்கேன் வேலையில் காலை அணிக்கு நான் தலைமை! ரெட்டை ஜடை கேட்டு வாங்கியிருக்கிறாள். நிர்வாக அதிகாரி முகத்தைச் சுளித்தாராம். "திருடினாலும் அலமாரி தெரிஞ்சவ சார். என் கண்ணு முன்னாடியே இருக்கட்டும்" என்றாளாம். என்னிடமே சொல்லிச் சிரிக்கிறாள். நான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்தேன்.

நாற்பது நாள் வேலை. எட்டு எட்டு மணி நேரம். 320. அவள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் என் 1,500 நிறைந்துவிடும். இங்கே திட்ட அலுவலகம் இல்லாவிட்டாலும் சான்றிதழ் வேறு எங்காவது சோறு போடும். அவள் இதைக் கணக்குப் போட்டுத்தான் செய்தாளா? கேட்கத் துணிவில்லை.

ஸ்கேல் என் மேசையில்தான் இருக்கிறது. ஏப்ரலுக்குப் பிறகு அசையவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

காலை எட்டேகாலுக்குப் பள்ளியிலிருந்து போன். மகள் படியில் உருண்டுவிட்டாள். அணியை நிறுத்தவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றேன். ரெட்டை ஜடை வந்து கையிலிருந்த பட்டியலைப் பிடுங்கிக்கொண்டாள். "போடீ. நான் பாத்துக்கறேன்."

கணுக்கால் சுளுக்கு, எலும்புக்கு ஒன்றும் இல்லை. நாள் முழுக்கக் கட்டு, எக்ஸ்ரே, வரிசை. "அம்மா, இந்த விபத்தை உன் பாடத்து ஆபத்துப் பட்டியல்ல போட்டிருந்தியா?" என்று வலியிலும் கேட்கிறாள் கழுதை.

ஆகஸ்ட் 28, வியாழன்

நாற்பதாவது நாள். கடைசிக் கோப்பும் ஸ்கேன் ஆயிற்று. முடிவறிக்கையில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம், பெருக்கும் அம்மா உட்பட. ரெட்டை ஜடை என் மணிக்கணக்குத் தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். "போய் எழுது உன் பரீட்சைய" என்றாள்.

எனக்கு மொத்தம் 1,500 மணி நேரம். நாளைக்கு விண்ணப்பிக்கிறேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

காலை ஒன்பது பத்து. நோட்டைத் திறந்தேன்.

நேற்றைய பக்கத்தில் '1,500' மேல் ஒரு கோடு. மேலே, சின்ன எழுத்தில், வலது பக்கம் சாய்ந்து: 1,492.

கோபம் வந்தது. ஒவ்வொரு நாளாக, ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தேன். எல்லாம் சரி, எல்லாம் எட்டு. பிறகு ஆகஸ்ட் 6. அன்றைக்கு நான் மருத்துவமனையின் இன்னொரு பக்கத்தில் மகளின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாளில் காலை அணித் தலைவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. ரெட்டை ஜடையின் கையெழுத்தில். பாவி, எனக்காக அவள் பார்த்த வேலையை என் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறாள்.

தாளை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். "எட்டு மணி நேரந்தானே, போனாப் போகுது. யாரு பாக்கப் போறா?" என்றாள்.

நான் நோட்டைக் காட்டினேன். அவள் கோட்டைப் பார்த்தாள். மெல்ல விரலால் தொட்டுப் பார்த்தாள். விரல் நுனி நீலமாயிற்று. அந்த விரலைப் பார்த்தபடியே சொன்னாள்: "சனிக்கிழமை அலமாரி எல்லாம் கழட்டணும், எட்டு மணி நேர வேலை. ஆளுங்களைக் கூட்டிட்டு நீயே வந்து பண்ணு."

ஆறாம் தேதித் தாளில் ஸ்கேல் வைத்து என் பெயர் மேல் ஒரு கோடு போட்டேன். மேலே அவள் பெயரை எழுதினேன். பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். நோட்டிலும் போட்டுவிட்டேன்.

நாளைக்குக் காலை எட்டு மணிக்கு வர வேண்டும்.